குட்டி யானைக்கும் பட்டாவுக்கும் ஒரே ஆயில் கணக்கா?

காஞ்சிபுரம் ராஜாஜி மார்க்கெட்டில் பொழுது விடிவதற்கு முன்பே காய்கறி மூட்டைகள் இறங்கத் தொடங்கிவிடுகின்றன. மூட்டைகளை இறக்கிய வண்டிக்கு அதோடு வேலை முடிவதில்லை. காலை வெயில் ஏறும்போது அது பிள்ளையார்பாளையத்துச் சந்து ஒன்றில் தறி மரம் ஏற்றிக்கொண்டிருக்கும். மத்தியானம் வாலாஜாபாத் பக்கத்திலிருந்து எம்-சாண்ட் மூட்டைகள் வரும். முகூர்த்த நாளாக இருந்தால் சாயங்காலம் கல்யாண மண்டபத்துக்குப் பாத்திரம், நாற்காலி, பந்தக்கால் எல்லாம் அதே வண்டியில்தான். பெங்களூரிலிருந்து வரும் கச்சாப் பட்டும் சூரத்திலிருந்து வரும் ஜரிகையும் லாரியில் ஊர் எல்லை வரை வந்துவிடலாம். தறி இருக்கும் வீட்டு வாசல் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது பிக்கப்தான்.

இந்த ஊரில் அப்படி உழைப்பவை பெரும்பாலும் மூன்று வகை: குட்டி யானை என்று எல்லோரும் கூப்பிடும் டாடா ஏஸ், ஓசூரில் தயாராகும் அசோக் லேலண்ட் தோஸ்த், மஹிந்திரா பொலேரோ பிக்கப். மூன்றும் கடல் தாண்டி இலங்கையிலும் ஓடுகின்றன. 2005இல் இந்தியாவில் அறிமுகமான ஏஸை இலங்கையில் விற்பது டிமோ நிறுவனம். அங்கே அதன் பெயர் டிமோ பட்டா. தம்புள்ளைச் சந்தையிலிருந்து கத்தரிக்காய் ஏற்றுவதும் யாழ்ப்பாணத்தில் வெங்காயம் ஏற்றுவதும் அதே இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின்தான். அதில் ஊற்றும் ஆயில்கூடச் சில இடங்களில் ஒன்றே. இந்தியன் ஆயிலின் சர்வோவை அங்கே லங்கா ஐஓசி விற்கிறது, திருகோணமலையில் அதற்குச் சொந்தமாகக் கலப்பு ஆலையும் இருக்கிறது.

வண்டியும் ஆயிலும் ஒன்றாக இருந்தும், அதை எப்போது மாற்றுவது என்பதில் இரண்டு நாடுகளும் வெவ்வேறு வழியில் போகின்றன.

இலங்கையில் கணக்கு எளிது. ஐயாயிரம் கிலோமீட்டர். கொழும்பிலானாலும் வவுனியாவிலானாலும், லீசிங்கில் எடுத்த புது வண்டியானாலும் முப்பது வருஷப் பழைய ஹைஏஸ் ஆனாலும், “அண்ணை, ஐயாயிரம் வந்திட்டுது, ஒயில் மாத்துவம்” என்பதுதான் பேச்சு. வண்டியைச் சேர்விஸ் ஸ்டேஷனில் தூக்கி நிறுத்தி, அடிப்பகுதியைக் கழுவி, கிரீஸ் அடித்து, ஒயிலையும் பில்டரையும் மாற்றி, அடுத்த சேர்விஸ் எத்தனை கிலோமீட்டரில் என்று எழுதிய ஸ்டிக்கரை ஒட்டி அனுப்புவார்கள். அந்த எண் ஓட்டுநரின் கண்ணில் தினமும் படும். தள்ளிப்போட்டால் மனசு உறுத்தும்.

காஞ்சிபுரத்தில் கணக்கு இப்படி ஒரே எண்ணில் நிற்பதில்லை. வாரண்டி இருக்கும்வரை கம்பெனி சர்வீஸ் சென்டர், கையேட்டில் போட்டிருக்கும் எண். இன்றைய வண்டிகளில் அது 10,000, சிலவற்றில் 20,000 கிலோமீட்டர்கூட. வாரண்டி முடிந்ததும் வண்டி தெருமுனை மெக்கானிக்கிடம் வந்துவிடும். அங்கே பேச்சு வேறு: “அண்ணே, இப்ப டாப்-அப் போட்டுடலாம், அடுத்த மாசம் முழுசா மாத்திக்கலாம்.” அடுத்த மாசம் பள்ளிக்கூட ஃபீஸ் வரும், அதற்கடுத்த மாசம் இன்சூரன்ஸ் வரும். 2.5 லிட்டர் டீசல் எஞ்சின் ஒன்றுக்கு ஆறேழு லிட்டர் ஆயில், ஒரு ஃபில்டர், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, போதாததற்கு ஒரு நாள் வாடகையும் போகும். மாசத் தவணை கட்டி ஓட்டும் ஒருவர் டாப்-அப்பைத் தேர்ந்தெடுப்பதைச் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் எஞ்சினுக்கு அந்த நியாயம் புரியாது. கெட்டுப்போன ஆயிலோடு ஒரு லிட்டர் நல்ல ஆயிலைக் கலந்தால் கேஜ் கம்பியில் அளவு சரியாகத் தெரியும், உள்ளே இருக்கும் கரியும் அமிலமும் அப்படியேதான் இருக்கும்.

இலங்கையின் ஐயாயிரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அந்த நாட்டுச் சாலைகளில் நீண்ட காலமாக ஆதிக்கம் செலுத்தியவை ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் வாகனங்கள்: டொயோட்டா டைனா, இசுசு எல்ஃப், மிட்சுபிஷி கண்டர், ஹைலக்ஸ். அவற்றின் கையேடுகள் ஜப்பான் மொழியில் இருந்தன. கதவோரத்தில் ஜப்பானியக் கடைக்காரர் ஒட்டிய ஆயில் மாற்று ஸ்டிக்கரும் வண்டியோடு சேர்ந்தே வந்தது. கையேட்டைப் படிக்க முடியாத இடத்தில், எந்த எஞ்சினுக்கும் தீங்கு செய்யாத ஒரு சிறிய எண்ணைப் பிடித்துக்கொள்வதே புத்திசாலித்தனமாக இருந்தது.

இன்னொரு காரணம் டீசலுக்குள் இருக்கிறது. அது முக்கியமானது என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

டீசலில் உள்ள கந்தகம் எரியும்போது கந்தக ஆக்சைடுகளாக மாறுகிறது. எரிதலில் உண்டாகும் நீராவியோடு சேர்ந்தால் அது கந்தக அமிலம். பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயுவோடு அந்த அமிலம் ஆயிலுக்குள் கலக்கிறது. அதை முறிப்பதற்காகவே ஆயிலில் காரத்தன்மையுள்ள சேர்மங்களைப் போடுகிறார்கள். அந்தக் கார இருப்பின் அளவைத்தான் டிபிஎன் என்கிறார்கள். கந்தகம் கூடக் கூட இருப்பு வேகமாகத் தீரும். தீர்ந்த பிறகு அமிலம் பேரிங்கையும் லைனரையும் அரிக்கத் தொடங்கும். அதனால்தான் கந்தகம் அதிகமுள்ள டீசலில் ஓடும் வண்டிக்கு ஆயில் மாற்றும் இடைவெளியைப் பாதியாகக் குறைக்கச் சொல்லிப் பல எஞ்சின் கையேடுகள் அறிவுறுத்துகின்றன.

இலங்கையின் சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையம் 1969இல் செயல்படத் தொடங்கியது. கந்தகத்தை இன்றைய அளவுக்கு நீக்குவதைப் பற்றி உலகில் யாரும் கவலைப்படாத காலம் அது. அங்கே சாதாரண வாகனங்கள் நிரப்பும் ஓட்டோ டீசலில் கந்தகம் நெடுங்காலம் ஆயிரக்கணக்கான பிபிஎம் அளவில் இருந்துவந்தது. 2018இல் யூரோ 4 தரத்தில் சுப்பர் டீசல் வந்தது. விலை கூடுதலானதால், லோடு ஏற்றிப் பிழைக்கும் வண்டிகள் அதன் பக்கம் அதிகம் திரும்பவில்லை. அப்படிப்பட்ட டீசலில் ஐயாயிரத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்றுவது வீண் செலவென்று யாரும் சொல்ல முடியாது.

இந்தியாவும் அங்கிருந்து புறப்பட்டதுதான். 1990களின் நடுவில் இங்கே டீசலில் கந்தகம் ஒரு சதவீதம் வரை, அதாவது 10,000 பிபிஎம் வரை இருந்தது. மாசுக் கட்டுப்பாட்டுத் தரமான பிஎஸ்-2இல் 500, பிஎஸ்-3இல் 350, பிஎஸ்-4இல் 50 என்று இறங்கி, 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 டீசலில் அது வெறும் 10 பிபிஎம். கவனிக்க வேண்டியது: இந்த டீசல் புது வண்டிகளுக்கு மட்டும் வருவதில்லை. பொன்னேரிக்கரை பங்க்கில் நிற்கும் பதினைந்து வருஷப் பழைய குட்டி யானையின் டேங்க்கிலும் அதே 10 பிபிஎம் டீசல்தான் இறங்குகிறது. மூத்த மெக்கானிக்குகள் சிலர் இன்றும் சொல்லும் ஐயாயிரம் கிலோமீட்டர் கணக்கு, கந்தகத்தைப் பொறுத்தவரை காஞ்சிபுரத்தில் வலுவிழந்துவிட்டது. இலங்கையில் அதற்கு இன்னும் வலு உண்டு. இரண்டு ஊர் மெக்கானிக்கும் ஒரே எண்ணைச் சொன்னாலும், ஒருவர் சொல்வதற்குத்தான் இன்றைய டீசல் சாட்சி சொல்கிறது.

அப்படியானால் காஞ்சிபுரத்து வண்டி கையேட்டில் இருக்கும் 20,000 வரை நிம்மதியாக ஓடலாமா? ஓடக் கூடாது. அதற்கான காரணம் டீசலில் இல்லை, இந்த ஊரின் தெருக்களில் இருக்கிறது.

கையேட்டை முழுவதும் புரட்டினால், பெரிய எண்ணுக்குப் பக்கத்திலோ பின்பக்கம் சிறிய எழுத்திலோ, கடுமையான பயன்பாட்டுக்கு வேறு இடைவெளி என்று ஒரு குறிப்பு இருக்கும். அடிக்கடி நின்று கிளம்பும் ஓட்டம், எஞ்சின் சூடேறுவதற்குள் முடிந்துவிடும் சிறு தூரங்கள், நீண்ட நேரம் நின்ற இடத்திலேயே எஞ்சின் ஓடுவது, தூசி, அளவுக்கு மீறிய பாரம், கடும் வெயில் எல்லாம் அதில் அடங்கும். காஞ்சிபுரத்தில் லோடு அடிக்கும் ஒரு பிக்கப்பின் சாதாரண நாளே இந்தப் பட்டியல்தான். முக்கால் டன்னுக்கு வடிவமைத்த வண்டியில் ஒன்றரை டன் ஏறுகிறது. உத்திரமேரூர் வட்டாரத்துக் கல்குவாரிப் பாதையில் வெள்ளைத் தூசிக்குள் புகுந்து வெளிவருகிறது. காந்தி ரோட்டில் பட்டுக் கடைக்கு வந்த கார்களுக்கு நடுவே முதல் கியரில் ஊர்கிறது. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டிய காற்றைக் குடிக்கிறது. அதாவது, நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்குச் சொன்ன எண் இந்த வண்டிக்குச் சொன்ன எண்ணே இல்லை.

இதில் மீட்டர் காட்டாத ஒன்று, எஞ்சின் ஓடிய மணி நேரம்.

2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்திவரதர் தரிசனம் நடந்த 48 நாளும் ஊருக்குள் வண்டிகள் நகர்ந்த விதத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. தண்ணீர் கேன், பூ, உணவு என்று உள்ளே வந்தாக வேண்டிய பிக்கப்புகள் மணிக்கணக்கில் எஞ்சினை ஓடவிட்டு நின்றன. கிலோமீட்டர் மீட்டரில் அந்த மாதம் அமைதியான மாதமாகத்தான் தெரிந்திருக்கும். ஆயிலுக்கு அது அப்படியில்லை. நின்றபடி ஓடும் டீசல் எஞ்சினில் வெப்பம் போதாது, எரிதல் முழுமையாகாது, கரியும் எரியாத டீசலும் ஆயிலில் இறங்கும். அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் தன் டீசல் பிக்கப்புகளுக்கு, நின்றபடி ஓடும் ஒரு மணி நேரத்தைச் சுமார் 40 கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமமாக எண்ணச் சொல்கிறது. அந்தக் கணக்கில், நாளுக்கு மூன்று மணி நேரம் நின்றபடி ஓடிய வண்டி, மீட்டர் அசையாமலே 48 நாளில் 5,760 கிலோமீட்டர் ‘ஓடி’யிருக்கும். அத்திவரதர் நாற்பதாண்டுக்கு ஒருமுறை. வைகாசி கருட சேவையும் பங்குனி உத்திரமும் ஆண்டுதோறும் வருகின்றன. முகூர்த்த நாளும் ஆடித் தள்ளுபடியும் அவற்றுக்குக் குறைந்தவை அல்ல.

இலங்கையின் கடினம் வேறு மாதிரி. நுவரெலியாவில் கரட்டும் லீக்ஸும் ஏற்றிக்கொண்டு றம்பொடை வளைவுகளில் இறங்கும் லொறியும், கண்டியை நோக்கிக் கடுகண்ணாவை ஏற்றத்தில் முனகும் பட்டாவும் நீண்ட நேரம் தாழ்ந்த கியரில், உச்சச் சுமையில் உழைக்கின்றன. அங்கே ஆயிலின் எதிரி சூடு. பிஸ்டன் அடியிலும் டர்போவின் தண்டிலும் ஆயில் வெந்து ஆக்சிஜனேற்றம் அடைகிறது, கெட்டிப்படுகிறது. ஏற்றம் ஏறி முடித்ததும் எஞ்சினை உடனே அணைக்காமல் ஒரு நிமிடமாவது ஓடவிடும் பழக்கம் மலைநாட்டு ஓட்டுநர்களிடம் உண்டு. டர்போ உள்ள பொலேரோவைக் காஞ்சிபுரத்தில் ஓட்டுபவர்கள் பலரிடம் அது இல்லை. பைபாஸில் 80இல் வந்து, டீக்கடை முன் சாவியைத் திருப்பிவிட்டு இறங்குகிறார்கள். சுழன்றுகொண்டிருக்கும் டர்போவுக்கு ஆயில் வரத்து அந்த நொடியே நின்று, உள்ளே தங்கியது கருகுகிறது. இந்த ஒரு நிமிடப் பழக்கத்தை மலைநாட்டாரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். செலவு ஒன்றுமில்லை.

எந்த ஆயில் என்ற கேள்விக்கு வந்தால், காஞ்சிபுரத்துக் கடைக்காரரும் கிளிநொச்சிக் கடைக்காரரும் யோசிக்காமல் எடுத்து வைப்பது 15டபிள்யூ-40. அது தவறில்லை. முன்னால் உள்ள 15டபிள்யூ குளிரில் ஆயில் எவ்வளவு இளகியிருக்கும் என்பதன் குறி. உறைநிலைக்குக் கீழே 20 டிகிரியில் செய்யும் சோதனை அது. காஞ்சிபுரத்தை விடுங்கள், நுவரெலியாவின் பனி விழும் தை மாத விடியலுக்குக்கூட அது தாராளம். பின்னால் உள்ள 40, எஞ்சின் சூடாக இருக்கும் 100 டிகிரியில் ஆயிலின் கெட்டித்தன்மை. பாரமும் வெயிலும் சேர்ந்த நம் நிலைமைக்கு அது பொருந்தும். எந்தக் குளிரும் இல்லாத ஊரில் ‘5டபிள்யூ’ என்று எழுதிய டப்பாவுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதற்குக் கையேடு கேட்டாலொழிய அவசியமில்லை. கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். புதிய எஞ்சின்கள் சிலவற்றில் பாகங்களுக்கு இடையே உள்ள இடைவெளிகள் அந்த மெல்லிய ஆயிலை நம்பியே அமைக்கப்பட்டவை.

தவறு நடப்பது அடுத்த வரியில். டப்பாவின் பின்பக்கத்தில் இருக்கும் ஏபிஐ தரக்குறியைப் பார்ப்பவர்கள் குறைவு. சிஎஃப்-4 என்பது 1990களின் தொடக்கத்து எஞ்சின்களுக்கானது. சிஐ-4 வந்தது 2002இல், புகையைத் திருப்பி எஞ்சினுக்குள்ளேயே விடும் இஜிஆர் எஞ்சின்களின் கரியைச் சமாளிக்க. சிகே-4 வந்தது 2016இன் இறுதியில். இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு விளம்பர வேறுபாடு இல்லை. பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. புகையில் வரும் கரியை அது பிடித்து வைத்து, அவ்வப்போது எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். கரி எரிந்துவிடும். ஆயிலின் சேர்மங்களில் உள்ள கால்சியம், துத்தநாகம் போன்றவை எரிந்து மிஞ்சும் சாம்பல் எரியாது, அங்கேயே தங்கி அடைக்கும். அதனால்தான் சிகே-4 தரம் சாம்பலின் அளவை ஒரு சதவீதத்துக்குள் கட்டுப்படுத்துகிறது. பழைய சிஐ-4இல் அப்படியொரு கட்டுப்பாடு இல்லை.

மெக்கானிக் கடையின் மூலையில் நிற்கும் பேரல் ஆயில் எந்தத் தரமென்று பார்க்காமல் பிஎஸ்-6 வண்டியில் ஊற்றினால், லிட்டருக்கு மிச்சமாகும் சில பத்து ரூபாய்கள் பிறகு வடிகட்டி மாற்றும்போது பல பத்தாயிரங்களாகத் திரும்பும். பழைய பிஎஸ்-3 குட்டி யானைக்கு அதே பேரலில் உள்ள நல்ல சிஐ-4 போதுமானது. ஒரே கடையில் இரண்டு தலைமுறை வண்டிகள் நிற்கும் இன்றைய காஞ்சிபுரத்தில் பேரலும் இரண்டு இருக்க வேண்டும், இரண்டிலும் பெயர் எழுதியிருக்க வேண்டும். சிஎன்ஜி, பெட்ரோல் ஏஸ் ஓட்டுபவர்களுக்கு இந்த இரண்டுமே ஆகாது. அவற்றுக்கு உரிய ஆயில் வேறு.

இலங்கையில் இந்தத் தவறு தலைகீழாக நடந்தது. டிபிஎஃப் பொருத்திய ஜப்பானிய லொறிகள் ரீகண்டிஷனாக வந்து இறங்கின. ஜப்பானில் அவற்றுக்கு ஊற்றியது, குறைந்த சாம்பலுக்காக 2005இல் ஏற்படுத்திய ஜாஸோ டிஎச்-2 தர ஆயில். குடித்தது கந்தகமே இல்லாதது என்று சொல்லத்தக்க டீசல். கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய நாளிலிருந்து அவை பார்த்தது ஓட்டோ டீசலும், எந்தத் தரமென்று கேட்காமல் ஊற்றிய 15டபிள்யூ-40உம். வடிகட்டிகள் அடைத்தன, பலர் அவற்றைக் கழற்றியெறிந்தார்கள். ஐயாயிரம் தவறாமல் ஒயில் மாற்றியும் அந்த வண்டிகளைக் காப்பாற்ற முடியவில்லை. மாற்றிய நேரம் சரி, மாற்றியது சரியில்லை.

டிபிஎஃப் வண்டி வைத்திருக்கும் காஞ்சிபுரத்துக்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், கேஜ் கம்பியில் ஆயில் அளவு ஏறுவது. வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளக் கொஞ்சம் கூடுதல் டீசலை எஞ்சின் தெளிக்கிறது. சுத்தம் முடிவதற்குள் வண்டியை அணைத்துவிட்டால், தெளித்த டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கிவிடும். ஒரு தெருவுக்கும் அடுத்த தெருவுக்குமாக ஓடும் வண்டியில் இது அடிக்கடி நடக்கும். ஆயில் குறைந்தால் பதறுகிற ஓட்டுநர், கூடினால் சந்தோஷப்படுகிறார். கூடியது ஆயில் இல்லை, டீசல். அதைக் கண்டால் கிலோமீட்டரைப் பார்க்காமல் மாற்றிவிட வேண்டும். டிபிஎஃப் அடைப்பைச் சொல்லும் மஞ்சள் விளக்கு எரிந்தால் ஒரு முறை செங்கல்பட்டு ரோட்டிலோ பெங்களூர் நெடுஞ்சாலையிலோ இருபது நிமிடம் நிற்காமல் ஓட்டிவருவது நல்லது.

பற்றாக்குறை என்ன செய்யும் என்பதை இலங்கைத் தமிழர்களிடமிருந்துதான் கேட்க வேண்டும். 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்த ஆண்டுகளில் பெற்றோலும் டீசலும் தடைப்பட்டியலில் இருந்தன. கார்புரேட்டருக்குள் சிறிது பெற்றோல் விட்டுக் கிளப்பி, கிளம்பியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மொரிஸ் மைனர், ஏ-40 கார்களும் மோட்டார் சைக்கிள்களும் அப்படித்தான் ஓடின. மண்ணெண்ணெய் முழுமையாக ஆவியாகாது. எரியாத பகுதி பிஸ்டனைத் தாண்டி ஒயிலில் கலந்து அதைத் தண்ணீராக்கும். நீர்த்த ஒயில் பேரிங்கைத் தாங்காது. அப்படியும் அந்த வண்டிகளில் கணிசமானவை பிழைத்தன, சில இன்றும் யாழ்ப்பாணத் தெருக்களில் ஓடுகின்றன. நிறமும் மணமும் தொடுவிரலின் வழுக்கலும் பார்த்து ஒயிலின் உயிரை மதிப்பிடும் ஒரு தலைமுறை மெக்கானிக்குகளை அந்தக் காலம் உருவாக்கியது.

2022இல் பற்றாக்குறை தீவு முழுவதற்கும் வந்தது. டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360ஐ நெருங்கியது. ஜூலையிலிருந்து கியூஆர் குறியீட்டுக்குத்தான் எரிபொருள். அடிப்படை எண்ணெயை வெளிநாட்டிலிருந்து வாங்கியாக வேண்டிய நாட்டில் ஒயில் விலையும் சேர்ந்தே ஏறியது. வாகன இறக்குமதி 2020 மார்ச்சிலேயே நிறுத்தப்பட்டிருந்ததால் புது வண்டிக்கு வழியில்லை, இருக்கும் வண்டியைக் காப்பாற்றியாக வேண்டும். ஐயாயிரத்தைத் தொட்டுக் கும்பிடாத குறையாகப் பின்பற்றிய ஊரில், ஏழாயிரம், எட்டாயிரம் வரை இழுக்கும் நிலை பலருக்கு வந்தது. அப்போதுதான் அங்கே பலர் முதன்முறையாக டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கத் தொடங்கினார்கள். எண்ணெய் தரமானதாக, டிபிஎன் இருப்பு உள்ளதாக இருந்தால் கொஞ்சம் தாங்கும். மலிவான மோனோகிரேடு 40 தாங்காது.

போலி ஆயில் இரண்டு நாட்டுக்கும் பொதுவான நோய். காலி டப்பாக்கள் பழைய பேப்பர்க் கடை வழியே போய், வடிகட்டிய கழிவு ஆயில் நிரம்பித் திரும்பி வரும். இலங்கையில் மசகு எண்ணெயை இறக்குமதி செய்யவும் கலக்கவும் உரிமம் வேண்டும். அரசின் கலப்பு ஆலை 1990களில் தனியார் கைக்குப் போய், இன்றைய செவ்ரோன் லுப்ரிகன்ட்ஸ் லங்காவாக ஆன பிறகு, சந்தை படிப்படியாக மற்ற நிறுவனங்களுக்கும் திறக்கப்பட்டது. பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அதை மேற்பார்வையிடுகிறது. இந்தியாவில் நிறுவனங்கள் கியூஆர் குறியீடும் முத்திரையும் வைத்திருக்கின்றன. ஆனால் மிகச் சிறந்த பாதுகாப்பு வாடிக்கையாளர் கையில் இருக்கிறது: ஆயிலை ஊற்றி முடித்ததும் டப்பாவை ஸ்க்ரூ டிரைவரால் குத்திக் கிழித்துவிட்டு வருவது. அந்த டப்பா இனி யாரையும் ஏமாற்றாது.

ஆயில் அளவுக்கு முக்கியமான ஒன்று, அதைவிட மலிவானது, ஏர் ஃபில்டர். குவாரித் தூசியில் உள்ள சிலிக்கா எஃகைவிடக் கடினமானது. ஃபில்டரின் ரப்பர் விளிம்பு ஒரு ஓரத்தில் சரியாக உட்காராவிட்டால், எவ்வளவு உயர்ந்த ஆயில் ஊற்றினாலும் அந்த மணல் அதில் கலந்து லைனரைத் தேய்க்கும். உத்திரமேரூர் ரோட்டில் ஜல்லி அடிக்கும் வண்டிகள் ஃபில்டரைத் தட்டித் தட்டி மாதக்கணக்கில் ஓட்டுவதைப் பார்க்கும்போது, ஆயில் இடைவெளியைப் பற்றிய விவாதம் எல்லாம் இரண்டாம்பட்சமாகத் தோன்றும். கம்ப்ரஸர் காற்றை அழுத்தி அடித்தால் ஃபில்டர் தாளே கிழிந்துவிடும், அது தட்டுவதைவிட மோசம்.

இவற்றையெல்லாம் வைத்து, காஞ்சிபுரத்துக்குள்ளேயே சுற்றிப் பாரம் ஏற்றும் டீசல் பிக்கப்புக்கு இப்படிச் சொல்லலாம்: கையேடு கேட்கும் தரத்துக்குக் கீழே ஒருபோதும் இறங்க வேண்டாம். கையேட்டில் கடும் பயன்பாட்டு எண் இருந்தால் அதுதான் உங்கள் எண். இல்லையென்றால் பெரிய எண்ணில் பாதி. ஆறு மாதமோ அந்தக் கிலோமீட்டரோ எது முந்துகிறதோ அது. சென்னைக்கும் பெங்களூருக்குமாக நெடுஞ்சாலையிலேயே ஓடும் வண்டி முழு எண்ணையும் பயன்படுத்தலாம், அதற்கு ஐயாயிரத்தில் மாற்றுவது பணத்தைச் சாக்கடையில் ஊற்றுவது. ஓட்டோ டீசலில் ஓடும் இலங்கை வண்டிக்கு ஐயாயிரம் தொடரட்டும், கூடவே டப்பாவின் தரக்குறியும் பார்க்கப்படட்டும். அங்கிருந்து இங்கே வர வேண்டியது அந்த ஸ்டிக்கர். ஸ்டீயரிங் பக்கத்தில் அடுத்த எண்ணை எழுதி ஒட்டுவதற்கு எந்த மெக்கானிக்கும் காசு கேட்க மாட்டார்.

வடித்த ஆயில் எங்கே போகிறது என்பதில் இரண்டு நாடுகளும் ஒரே அளவுக்குப் பின்தங்கியிருக்கின்றன. காஞ்சிபுரத்தில் அதன் பெரும்பகுதி கட்டட வேலைக்குப் போகிறது. கான்கிரீட் ஒட்டாமல் இருக்க சென்ட்ரிங் பலகையில் பூசுகிறார்கள். மிச்சம் கடை முன் மண்ணிலேயே ஊறுகிறது. இலங்கையில் வண்டியின் அடிப்பகுதியில் துருப் பிடிக்காமல் தெளிக்கிறார்கள், வேலிக் கட்டைக்குக் கறையான் பிடிக்காமல் பூசுகிறார்கள். அந்த ஆயிலில் உலோகத் தூளும் எரிந்த ஹைட்ரோகார்பன்களும் இருக்கின்றன. ஒரு லிட்டர், பத்து லட்சம் லிட்டர் நல்ல தண்ணீரைக் குடிக்க முடியாததாக்கும் என்பது உலகெங்கும் சொல்லப்படும் கணக்கு. மண்ணுக்குள் இறங்கிய எண்ணெய் என்ன செய்யும் என்பதற்கு யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் சாட்சி. மின் நிலையம் ஒன்றிலிருந்து கசிந்த எண்ணெய் சுண்ணாம்புக்கல் அடுக்குகளின் வழியே கிணறுகளில் கலந்தது. 2019இல் இலங்கை உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. பாலாற்று நீரும் ஏரிகளும் கிணறுகளும் வைத்தே குடித்து, சாயம் தோய்த்து வாழும் காஞ்சிபுரம் அந்தத் தீர்ப்பைத் தன் ஊர்ச் செய்தியாகப் படிக்க வேண்டும்.

இந்தியாவில் கழிவு ஆயிலைச் சேகரித்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் பொறுப்பை ஆயில் தயாரிப்பாளர்கள், இறக்குமதியாளர்கள் மேல் வைக்கும் விதிகள் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன. பதிவு பெற்ற சேகரிப்பாளரிடம் லிட்டருக்கு விலை பேசிக் கொடுத்து ரசீது வாங்க முடியும். அப்படிக் கொடுக்கத் தொடங்கும் கடைக்கு இன்னொரு லாபமும் உண்டு. வடித்ததை அளந்தாக வேண்டியிருக்கும். ஆறரை லிட்டர் ஊற்றிய எஞ்சினிலிருந்து ஐந்துதான் வந்தால், இடையில் போட்ட டாப்-அப்பையும் கூட்டி, எவ்வளவு எரிந்துபோனது என்று உடனே தெரியும். சென்ற முறையைவிட அது கூடியிருந்தால் ரிங்கோ, வால்வு சீலோ, டர்போவோ கெடத் தொடங்கிவிட்டது. சிலிண்டர் போர் வேலைக்கு எஞ்சினை இறக்கும் நாளைப் பல மாதம் முன்கூட்டியே சொல்லிவிடும் அந்த அளவு, இன்று எந்தக் கடையிலும் யாரும் எழுதி வைக்காமல் பேரலில் ஊற்றிவிடும் அளவு.